பேசப் பேச இறங்கும் நாற்காலி

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு. சாயங்காலம் நாலே முக்கால் இருக்கும். தேனியில் என் வீட்டு ஹாலில் மொச்சை உரித்தபடி டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். டிவிக்குள் ஒரு மனிதர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, எதிர்முனையில் எடுப்பார்களா மாட்டார்களா என்று காத்திருந்தார்.

என் மடியில் போன் அடித்தது.

எடுத்து 'ஹலோ' என்றேன். இரண்டு விநாடி கழித்து டிவிக்குள்ளிருந்தும் என் குரல் 'ஹலோ' என்றது. என் குரலை யாரோ இரவல் வாங்கிப் பேசுவதுபோல இருந்தது.

"வசந்தாக்கா, நான் உத்தமபாளையம் மோட்டார் மெக்கானிக் பேசுறேன். அடுத்த ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு நீங்க வந்து நாற்காலியில உக்காரணும். வாரீகளா?"

'வாரேன்' என்று சொன்னது நானா, டிவியா... இப்போதும் சரியாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் மொச்சையைக் குப்பையிலும் தோலைக் கிண்ணத்திலும் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

தேனிக்குத் தெற்கே கேபிள் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு 'நாலு மணி நாற்காலி'யை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கம்பத்தில் ஓர் ஏலக்காய் குடோனின் மாடியில் சின்ன கேபிள் சேனல் ஒன்று இருக்கிறது. இருபது வருடத்துக்கும் மேலாக, ஞாயிறுதோறும் நாலு மணிக்கு அதில் ஒரு காமெடி நிகழ்ச்சி. நேரலை. ஐந்து பேர் குட்டிக் குட்டி நாடகங்கள் நடிப்பார்கள். நிகழ்ச்சியை நடத்திக் கொடுக்க வாரம் ஒரு விருந்தாளி வருவார். சினிமா ஆட்கள் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் எதையாவது விற்றோ, விதைத்தோ, ரிப்பேர் பார்த்தோ பிழைக்கிறவர்கள்.

உத்தமபாளையம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்த காலத்தில் பன்னிரண்டு வருடம் அந்த நாடகங்களை எழுதியவள் நான். வாரம் ஐந்து நாள் வாதி, பிரதிவாதி. சனிக்கிழமை நகைச்சுவை. பெரிய வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தெரிந்ததில்லை.

முதன்முதலாக வந்த விருந்தாளி கம்பத்தில் சலூன் வைத்திருந்தவர். "பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துக்கிட்டு நான் என்னத்தப் பேச?" என்று கேட்டு, தன் கடையில் ஓரமாகக் கிடந்த சுழல் நாற்காலியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். திரும்ப எடுத்துப் போகவில்லை. ஏன் என்பது அன்றைக்கே புரிந்துபோனது. காலால் பம்பை மிதித்தால் நாற்காலி உயரும். உயர்ந்த கையோடு, எண்ணெய் கசிந்து, மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்துவிடும். அவர் பேசப் பேச இறங்கிக்கொண்டே போனார். கடைசியில் மேஜைக்கு மேலே அவருடைய மீசை மட்டும் தெரிந்தது.

யாரும் அதைச் சரிசெய்யவில்லை. அதுவே வழக்கமாகிவிட்டது. நாற்காலி தரைதட்டுவதற்குள் விருந்தாளி தன் பேச்சை முடிக்க வேண்டும். நிகழ்ச்சியின் கடைசியில் இன்னொரு தடவை மிதித்து ஏற்றுவார்கள். அது இறங்கி முடிவதற்குள், அடுத்த வார விருந்தாளிக்கு இவரே போன் போட்டு அழைக்க வேண்டும். சொந்தக்காரர்கள் கூடாது. முன்கூட்டியே சொல்லி வைக்கக் கூடாது. எதிர்முனையில் எடுக்கவில்லையா? அடுத்த வாரம் நாற்காலி காலி. ஒரு துண்டை மடித்து அதில் போட்டுவிட்டு, அந்தத் துண்டைப் பார்த்தே ஐந்து பேரும் நடிப்பார்கள்.

எனக்கு அழைப்பு வந்த அந்த வாரம் முழுக்கப் பழைய நிகழ்ச்சிகளை யூடியூபில் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், மின்விசிறிச் சத்தத்தில், பாதி பார்த்தது, பாதி கனவில் வந்தது... இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று தெரியவில்லை. விருந்தாளிகள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு பார்த்த நர்ஸம்மா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கூட்டத்தை அப்படியே ஒரு சுற்று பார்த்தார். "இங்கன இருக்கதுல பாதிப் பேர மொதமொதல்ல பாத்தது நாந்தான். அன்னைக்கும் இப்பிடித்தான் வாயத் தொறந்துக்கிட்டு இருந்தீக" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

மார்க்கையன்கோட்டை விவசாயி ஒருவர் வந்தார். நிகழ்ச்சியின் நடுவில் அவர் போனில் ஒரு மெசேஜ். வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்களாம். "மன்னிச்சுக்கிருங்க, எம் மொறை வந்துருச்சு" என்று எழுந்து போய்விட்டார். மீதி நிகழ்ச்சியை அவர் விட்டுப்போன செருப்பை வைத்து நடத்தினார்கள்.

வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினம் சுற்றுகிறவர் வந்தார். நாற்காலி இறங்க இறங்கக் கண்ணை மூடிக்கொண்டார். "வாழ்க்கையில இன்னைக்குத்தான் மத்தவுக சுத்திவிட நான் உக்காந்துருக்கேன்" என்றார். குமுளியில் மசாலாக் கடை வைத்திருக்கிற சேட்டன் வந்து முழுக்க முழுக்க மலையாளத்தில் பேசினார். ஒருவர் விடாமல் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று இன்றைக்குவரை இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் அந்த லாரி டிரைவர். வாழைத்தார் லோடு இறக்கிவிட்டு நேராக வந்தவர். நாற்காலியில் உட்கார்ந்தார், சாய்ந்தார், தூங்கிப்போனார். நேரலை. என்ன செய்வது? ஐந்து பேரும் அன்றைக்கு எழுதியிருந்த நாடகங்கள் அத்தனையையும் கிசுகிசுப்பான குரலில் நடித்தார்கள். கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கீழே குடோனிலிருந்து ஏலக்காய் வாசனை ஏறி வந்துகொண்டே இருந்தது. ஒரு மனிதர் தூங்குவதற்காக ஓர் ஊரே சத்தமில்லாமல் சிரித்ததை நான் அங்கே பார்த்தேன்.

எல்லாரும் வந்தார்கள். ஒருத்தி மட்டும் வரவில்லை. ஜெய்தூன்.

ஜெய்தூன் விருந்தாளியாக வந்ததே இல்லை. நிகழ்ச்சிக்கு உடுப்பு தைத்துக் கொடுத்தவள். உத்தமபாளையத்தில் அவள் வீடு. வீட்டுக்காரர் பஷீருக்குத் தேங்காய் வியாபாரம். என்னைவிட மூன்று வயது சின்னவள். போலீஸ்காரருக்கு ஒரு தொப்பை, சாமியாருக்கு ஒரு தாடி, கல்யாணப் பெண்ணுக்குக் கிழிவதற்கென்றே ஒரு முந்தானை... நான் சனிக்கிழமை எழுதினால் ஞாயிறு காலையில் தைத்துக்கொண்டு வந்துவிடுவாள். என் ஒரே சிநேகிதி என்று அப்போது சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

ஒருநாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே ஒரு கதை சொன்னாள். அவள் வீட்டுக் கதை.

பக்ரீத்துக்குக் குர்பானி கொடுக்க ஒரு வெள்ளாட்டுக் கிடாயை இரண்டு மாதம் முன்னாலேயே வாங்கிக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துவிட்டால் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். உள்ளே எட்டிப் பார்க்கும். அகத்திக்கீரை கொடுத்தால் தின்றுவிட்டு, தலையை ஆட்டி அடுத்த வீட்டுக்குப் போகும். அதனால் தெருக்காரர்கள் அதற்குக் கலெக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தச் சமயம் ஜெய்தூனுக்கும் பஷீருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. ஏன் என்று எழுத மாட்டேன். ஒரு தடவை எழுதியது போதும். ஆனால் ஒரே வீடு, ஒரே அடுப்பு. பேசாமல் எப்படி முடியும்? ஆட்டிடம் பேசினார்கள்.

"கலெக்டர், சோறு ஆறுதுன்னு மச்சான்கிட்ட சொல்லு."

"கலெக்டர், கொழம்புல உப்பில்லன்னு அவகிட்ட சொல்லு."

ஒன்றரை மாதம். ஒருநாள் பஷீர் ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "கலெக்டர், நான் செஞ்சது தப்புத்தான்னு அவகிட்ட சொல்லு" என்றாராம். இவள் அடுப்படியிலிருந்து, "கேட்டுச்சுன்னு சொல்லு" என்றாளாம். அத்தோடு சண்டை தீர்ந்தது. அதற்கு அப்புறம் அந்த ஆட்டை எப்படி அறுப்பது? அந்த வருடம் குர்பானிக்கு வேறு ஆடு வாங்கினார்கள்.

சொல்லி முடித்துவிட்டு ஜெய்தூன் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. ஊசியைப் பார்த்துக்கொண்டு, "யார்ட்டயும் சொன்னதில்லக்கா" என்றாள்.

நான் என்ன செய்தேன்? அடுத்த சனிக்கிழமை அதை எழுதினேன்.

ஊரை மாற்றினேன். புருஷன் தொழிலை மாற்றினேன். பெயர்கள், குழம்பு, கும்பிடுகிற சாமி, எல்லாவற்றையும் மாற்றினேன். கடைசிக் காட்சியில் புருஷன் கேட்ட மன்னிப்பை ஆடு பெண்டாட்டியிடம் கொண்டு போகாமல் மென்று தின்றுவிடுவதாக வைத்தேன். அந்த வருடத்திலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான். ஆட்டின் பெயரை மட்டும் மாற்றவில்லை.

உத்தமபாளையத்தில் கலெக்டர் என்ற ஆடு ஒன்றுதானே. மறுநாள் தேங்காய் மண்டியில் பஷீரைப் பார்த்தவர்கள் எல்லாம், "கலெக்டர் என்ன சொல்றாரு பாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் கொஞ்ச நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லையாம். ஜெய்தூனிடமிருந்து கம்பம் பஸ்ஸில் ஒரு துணி மூட்டை வந்தது. பாதி தைத்த உடுப்புகள். ஒரு சட்டையின் ஓரத்தில் ஊசி குத்தியபடியே இருந்தது. கூடச் சீட்டு எதுவும் இல்லை.

"பேர மாத்த மறந்துட்டேன்" என்று எல்லாரிடமும் சொன்னேன். நிகழ்ச்சியைத் தயாரிக்கிற ஈஸ்வரனிடமும் அதையே சொன்னேன். பதினோரு வருடம் ஓடிவிட்டது. கோர்ட்டுக்குப் போகும்போது தெருவில் எதிரே வந்தால் அவள் குனிந்து போவாள். நானும் குனிந்துதான் போவேன். ரிட்டையர்டாகித் தேனிக்கு வந்த பிறகு அந்தக் குனிதலும் இல்லாமல் போயிற்று.

இப்போது நான் விருந்தாளி. நான் யாருக்கோ போன் போட வேண்டும். யாருக்கு என்று யோசிக்கவே தேவையில்லை. ஆனால் பயமாக இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் நேரலையில் போன் போட்டால், அவளை இரண்டாம் தடவை ஊர் நடுவில் நிறுத்துவது ஆகாதா? போடாவிட்டால்... எனக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னொரு நாற்காலி எப்போது கிடைக்கும்?

வழக்கத்தை மீறினேன். ஈஸ்வரனுக்கு அப்போது தெரியாது. புதன்கிழமை அவளுக்கு ஒரு கடிதம் போட்டேன்.

'ஞாயிறு நாலே முக்காலுக்கு உன் போன் அடிக்கும். பிடிக்காவிட்டால் எடுக்காதே. ஒரே தடவைதான் அடிப்பேன். நீ எடுக்காவிட்டால் யாருக்குப் போட்டேன் என்று எவரிடமும் சொல்ல மாட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டிய உண்மை ஒன்று இருக்கிறது. உன் நம்பர் மாறாமல் இருக்க வேண்டும்.'

பதில் இல்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததா என்பதும் தெரியவில்லை.

போன ஞாயிறு கம்பம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். வீரபாண்டி, சின்னமனூர் தாண்டி உத்தமபாளையம் வந்தது. அவள் தெரு முக்கில் பஸ் ஒரு நிமிடம் நின்றது. இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். கோர்ட்டில் வேலை பார்த்தவள் நான். நேருக்கு நேர் உட்கார்ந்து பேசித் தீர்த்த சண்டை எத்தனை பார்த்திருக்கிறேன்? அண்ணன் தம்பி வக்கீல் மூலமாகப் பேசுவார்கள். புருஷன் பெண்டாட்டி பிள்ளை மூலமாகப் பேசுவார்கள். இப்போது எல்லாரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மூலமாகப் பேசிக்கொள்கிறார்கள். நடுவில் ஓர் ஆடு இல்லாமல் நமக்கு வாய் வருவதில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

என் பேச்சைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் ஒல்லி. நாற்காலி இறங்க நேரம் எடுத்தது. பேச்சு அதற்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டதால், மீதி நேரம் சும்மா இறங்கிக்கொண்டிருந்தேன். அதற்குச் சிரித்தார்கள். நாடகங்கள் நடந்தன. எதுவும் என் காதில் விழவில்லை. விளக்கு வெளிச்சத்தில் ஏலக்காய்த் தூசி மிதந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாரும் என் மடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. கனமாக இல்லை.

நாலே முக்கால். ஈஸ்வரன் பம்பை மிதித்து என்னை மேலே ஏற்றினார். "யாருக்குக்கா?" என்று கேட்டார். "எடுத்தாத் தெரிஞ்சுக்கிருவீக" என்றேன்.

நம்பரைப் போட்டேன். ஸ்பீக்கரில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நாற்காலி இறங்கிக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். கடைசி மணியும் அடித்து, எதிர்முனையில் எடுக்கவில்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் சொன்னது.

"இன்னொருக்கா அடிங்கக்கா, இன்னும் எடம் இருக்கு" என்றார் ஈஸ்வரன். கூட்டமும் அதையே சொன்னது. இடம் இருந்தது உண்மைதான். ஆனால் ஒரே தடவை என்று எழுதியிருந்தேன். அவளுக்கு நான் கொடுத்த வாக்கில் காப்பாற்ற மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். போனை மடியில் வைத்தேன். துண்டை எடுத்து வரச் சொல்லி ஈஸ்வரன் சைகை காட்டினார்.

மடியில் போன் அடித்தது.

எடுத்தேன். எனக்கு 'ஹலோ' வரவில்லை. அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. அப்புறம் ஒரு குரல். என்னிடம் பேசவில்லை.

"கலெக்டர்... போன்ல யாருன்னு கேளு."

அந்த நாடகத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள்.

"கலெக்டர், வசந்தான்னு சொல்லு" என்றேன்.

"என்ன வேணுமாம்?"

"அடுத்த ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு நாற்காலி காலியா இருக்குன்னு சொல்லு."

"அது கெடக்கட்டும். ஏதோ உண்மை சொல்லணும்னு கடுதாசியில எழுதியிருந்தாகளே. அத மொதல்ல சொல்லச் சொல்லு."

என் முழங்கால் தாடை உயரத்துக்கு வந்துவிட்டது. மேஜை மேல் என் கண் மட்டும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நல்லதாகப் போயிற்று.

"கலெக்டர், உம் பேர மாத்த நான் மறக்கல. மாத்த மனசு வரல. அந்தப் பேருக்குச் சிரிப்பாகன்னு தெரிஞ்சேதான் விட்டேன். அவ என்னை நம்பிச் சொன்னத ஊருக்குச் சொல்லிட்டு, பதினோரு வருசமா மறந்துட்டேன்னு பொய் சொன்னேன். நான் செஞ்சது தப்புத்தான்னு அவகிட்ட சொல்லு."

நாற்காலி தரைதட்டியது. அந்தச் சின்னச் சத்தம் மைக்கில் நன்றாகக் கேட்டிருக்கும். யாரும் சிரிக்கவில்லை.

அவள் சொன்னாள். "கேட்டுச்சுன்னு சொல்லு."

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அந்த மாடியில் இருந்தவர்களில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். மேஜைக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். அழுததைச் சொல்ல வெட்கப்படவில்லை.

"கலெக்டர், அந்த நாற்காலி இன்னும் எறங்குதான்னு கேளு."

"எறங்குதுன்னு சொல்லு."

"அப்ப ஒசரமா ஒரு மெத்தை தச்சு எடுத்துக்கிட்டு வர்றேன்னு சொல்லு. நான் பேச வேண்டியது நெறைய இருக்கு."

பத்திரிகைக்கு இதை எழுதலாமா என்று திங்கட்கிழமை போன் போட்டுக் கேட்டேன். இந்தத் தடவை கேட்காமல் எழுதுவேனா? "எழுதட்டும். கலெக்டர் பேர மட்டும் மாத்தக் கூடாதுன்னு சொல்லு" என்றாள். இன்னும் என்னிடம் நேராகப் பேசவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை.

ஈஸ்வரன் அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்து சொன்ன செய்தி ஒன்று உண்டு. அன்றைக்கு என் போன் அடித்து ஓய்ந்த பிறகு, திரும்ப அழைத்து அவள் காதில் வைத்துப் பிடித்திருந்தவர் பஷீர்தானாம். அந்த வீட்டில் இப்போது ஆடு எதுவும் இல்லையாம். வயதாகிக் கலெக்டர் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறதாம்.

இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் நிகழ்ச்சியைப் பார்க்கக் கம்பம் போகும்போது சின்னமனூரில் இறங்கி ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிக்கொள்வதாக இருக்கிறேன்.